நானூற்றுப் பன்னிரண்டாவது வரி

காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். நள்ளிரவு இல்லை, அமாவாசை இல்லை… விடிந்தும் விடியாத காலை. ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் நெடுஞ்சாலையிலிருந்து வாய்க்காலை ஒட்டி ஒரு சாலை பிரிகிறது. இரண்டு பக்கமும் ஆளை மறைக்கும் கரும்பு. பனி இறங்கியிருந்தால் முன்னால் போகிற சைக்கிள்கூடத் தெரியாது. அந்தச் சாலையில் ஒரு பள்ளிப் பேருந்து வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது… புஸ்ஸ். ஏறுவதற்கு அங்கே ஒரு குழந்தையும் இல்லை.

சிரிக்காதே விஜய்குமார். மடிக்கணினியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் கேள். மின்சாரம் போய் முக்கால் மணி நேரம் ஆகிறது. பகலெல்லாம் காது கிழியும் மைசூரின் இந்த மண்டி மொஹல்லாவில் இப்போது ஒரு ஆட்டோ சத்தம்கூட இல்லை. நம் வேலையோ இன்னும் பாதிகூட முடியவில்லை. பழைய டேபிளிலிருந்து புதிய டேபிளுக்குப் பத்தி பத்தியாக நகல் போய்க்கொண்டே இருக்கிறது. சற்று முன் நீ என்ன சொன்னாய்? எண்ணிக்கையில் ஒன்று கூடுதலாக வருகிறது, பரவாயில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். அதனால்தான் சொல்கிறேன்.

எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. மயானத்துக்கு அடுத்த தெருவில் மூன்று வருடம் குடியிருந்து நிம்மதியாகத் தூங்கினவன் நான். ஆனால் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்றால் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக முடிவதில்லை. அது இந்தக் கதையைக் கேட்டதிலிருந்துதான்.

என்னோடு படித்த சுதர்ஷனை உங்களுக்குத் தெரியும். அவன் சித்தப்பா மகள் மேதா. தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்த குடும்பம். தமிழை விடக் கன்னடம் நன்றாகப் பேசுவாள். இங்கேயே ஐந்து பேர் கொண்ட ஒரு சின்ன கம்பெனியில் வேலை. பள்ளிப் பேருந்துகளுக்குச் செயலி செய்து தருகிற கம்பெனி. பிள்ளைகள் கழுத்தில் ஒரு கார்டு தொங்கும். பேருந்துக் கதவருகே ஒரு கருவி இருக்கும். ஏறும்போது கார்டை அதில் காட்டினால், டிட். உடனே பெற்றோர் கைபேசிக்குச் செய்தி போகும்… உங்கள் பிள்ளை ஏறிவிட்டது. இறங்கும்போதும் அப்படியே.

போன வருடம் மே மாதக் கடைசியில் ஒரு பள்ளி, பழைய செயலியை விட்டு இவர்களிடம் வந்தது. பழைய டேபிளில் இருந்ததைப் புதிய டேபிளுக்கு மாற்றும் வேலை மேதாவுக்கு. நமக்குத் தெரிந்ததுதான், டீ கொண்டுவந்து நம்மோடு உட்கார்ந்துவிட்ட பசம்மா அக்காவுக்காகச் சொல்கிறேன். அக்கா, டேபிள் என்றால் கோடு போட்ட பெரிய நோட்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. பெயருக்கு ஒரு பத்தி, கைபேசி எண்ணுக்கு ஒரு பத்தி, ஏறும் இடத்துக்கு ஒரு பத்தி. ஒரு நோட்டில் உள்ள பத்தியை இன்னொரு நோட்டில், அந்தந்தப் பிள்ளையின் வரிக்கு நேராக எழுத வேண்டும். கையால் எழுதினால் ஒரு வாரம். கணினிக்கு ஒரு கட்டளை போட்டால் ஒரு நொடி. தப்பாகப் போட்டாலும் ஒரு நொடிதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மேதா மூன்று பத்திகளை நகல் எடுத்தாள். பெயர், பெற்றோர் எண், ஏறும் இடம். முடிந்ததும் கணினி சொன்னது: நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். பள்ளி கொடுத்த பட்டியலில் நானூற்றுப் பதினொன்று பிள்ளைகள். ஒன்றுதானே, யாராவது புதிதாகச் சேர்ந்திருப்பார்கள் என்று நினைத்து எழுந்து போய்விட்டாள்.

அவள் விட்டது இதுதான். பழைய டேபிளில் யாரையும் அழிக்க மாட்டார்கள். நாமும் அப்படித்தானே செய்கிறோம்? பள்ளியை விட்டுப் போன பிள்ளையின் வரி அங்கேயே இருக்கும். ஓரத்தில் ஒரு பத்தியில் மட்டும் ஒன்றுக்குப் பதில் பூஜ்யம் போடுவார்கள். அந்தப் பள்ளி பழைய செயலியை வைத்திருந்த ஒரே வருடத்தில் அப்படிப் பூஜ்யம் விழுந்தது ஒரு பிள்ளைக்குத்தான். இப்போது படிக்கிற பிள்ளைகளை மட்டும் எடு என்று கட்டளையில் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். மேதா அன்று அதைச் சேர்க்கவில்லை. அடுத்த ஞாயிறு இன்னொரு பத்தி நகல் எடுத்தாள்… இறங்கும் இடம். அன்று நிபந்தனை ஞாபகம் வந்தது, சேர்த்தாள். நானூற்றுப் பதினொன்று வரிகள். சரியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். முதல் வாரம் செய்ததைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆக, ஒரு வரியில் ஏறும் இடம் இருந்தது. இறங்கும் இடம் இல்லை.

நவம்பரில் ஒரு நாள் புகார் எண்ணுக்கு ஒரு அழைப்பு வந்தது. ஐந்து பேர் கம்பெனியில் புகாரையும் மேதாதான் கேட்க வேண்டும். ஒரு அம்மாள் பேசினாள். தமிழ்நாட்டு எல்லையோரம், கொள்ளேகால், ஹனூர் பக்கத்துத் தமிழ். பெயர் கௌரம்மா என்றாள்.

"ஏனுங்க அம்மிணி… எம்புள்ள வண்டி ஏறிட்டாள்னு தெனமும் வருதுங்க. எறங்கிட்டாள்னு மட்டும் வரவே மாட்டேங்குது. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

சாதாரணப் புகார். மேதா பிள்ளையின் பெயரைக் கேட்டுக்கொண்டாள். பூங்குழலி, நாலாம் வகுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்தாள். தேடினால் அந்தப் பெயர் கடைசி வரியில் இருந்தது. இறங்கும் இடம் காலி. பழைய டேபிளைத் திறந்தால் ஓரத்தில் பூஜ்யம். அப்போதுதான் தன் தவறு அவளுக்குப் புரிந்தது. பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். அந்தப் பெண் பிப்ரவரியிலேயே இறந்துவிட்டாளே, உங்களுக்குத் தெரியாதா என்றார்கள்.

மேதா கூனிக் குறுகிப் போனாள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு, ஐந்து மாதமாகத் தினமும் காலையில் அப்படி ஒரு செய்தியை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த வரியை உடனே அழித்துவிடப் போனாள். கட்டளையை அடித்தும் விட்டாள். அனுப்பப் போகிற நேரத்தில் விரல் நின்றது. டேபிளில் பெயர் இருந்தால் மட்டும் செய்தி போகாது. யாராவது கார்டைக் காட்ட வேண்டும்.

பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். ஜூன் முதல் பள்ளி நடந்த எல்லா நாளும், காலை ஆறு பன்னிரண்டு. ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஞாயிறுகளில் இல்லை. தசரா விடுமுறையில் இல்லை. மழைக்காக விடுமுறை விட்ட இரண்டு நாளும் இல்லை. நள்ளிரவில் அன்றைய பதிவு மூடிக்கொள்ளும், மறுநாள் காலை மறுபடி ஏறுவாள்… ஏறுவது மட்டும்தான். பள்ளியில் இறங்கியதாகவும் இல்லை, வீட்டில் இறங்கியதாகவும் இல்லை.

அந்த அம்மாளே கார்டை வைத்துக்கொண்டு இப்படிச் செய்கிறாள் என்று மேதா நினைத்தாள். துக்கத்தில் மனிதர்கள் என்னவெல்லாமோ செய்வார்கள். நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, பதமாகப் பேசி, கார்டை வாங்கி வந்துவிடலாம் என்று மறுநாள் அதே பேருந்தில் ஏறினாள்.

ஓட்டுநர் மகேந்திரன் ஜூனில்தான் வேலைக்குச் சேர்ந்தவர். பழைய கதை எதுவும் தெரியாது. கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டார். திரையில் நிறுத்தம் காட்டுகிறது, நிறுத்துகிறேன். எதிர்ப்பக்கம் ஒரு அம்மாள் நின்று பார்ப்பாள், கிட்டே வர மாட்டாள். கதவருகே கருவி தானாக அடிக்கும், பனி ஈரம் உள்ளே போயிருக்கும் என்று நினைத்தேன். கடைசி வரிசையில் இடதுபக்க ஜன்னல் இருக்கையில் மட்டும் எந்தப் பிள்ளையும் உட்காராது. ஏன் என்று கேட்டால், சுடுகிறது அங்கிள் என்கிறார்கள். எஞ்சின் முன்னால் இருக்கிறது, பின்னால் எப்படிச் சுடும் மேடம் என்று அவளையே திருப்பிக் கேட்டார்.

மேதா அந்த இருக்கைக்கு ஒரு வரிசை முன்னால் உட்கார்ந்தாள். தொட்டுப் பார்த்தாள். சில்லென்றுதான் இருந்தது. வழியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஏறினார்கள். தூக்கக் கலக்கத்தில் ஒருவரும் பேசவில்லை. வண்டி வாய்க்கால் சாலையில் திரும்பியது. பனி. முன்விளக்கு வெளிச்சம் நாலு அடிக்கு மேல் போகவில்லை.

வண்டி நின்றது.

புஸ்ஸ்… கதவு திறந்தது. முதலில் வெல்லம் காய்ச்சும் வாசனை உள்ளே வந்தது. பக்கத்தில் ஆலைக் கொட்டகை இருக்கிறது. அடுத்து இன்னொரு வாசனை. நீலகிரித் தைலம். காய்ச்சல் பிள்ளைக்கு நெற்றியில் தடவுவோமே, அதே வாசனை. எதிர்ப்பக்கம் ஒரு அம்மாள் நின்றாள். கம்பளியைப் போர்த்தியிருந்தாள். மேதா அவள் கைகளைத்தான் பார்த்தாள். ஒரு கையில் கைபேசி, இன்னொரு கை காலி. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் முழுச் சாலையும் இருந்தது.

டிட்.

அந்த அம்மாளின் கையில் கைபேசி ஒளிர்ந்தது.

பேருந்துக்குள்… நடைபாதையில் போட்டிருந்த ரப்பர் விரிப்பில் ஒரு சத்தம். ஈரச் செருப்பு. சப்… சப்… சப்… சீராகக்கூட இல்லை, தள்ளாடி நடக்கிற சத்தம். மேதாவுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள், ஒவ்வொருவராக, முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை, காலை மடக்கி வழி விட்டார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தினமும் வழி விட்டுப் பழகிய பிள்ளைகள். அதைப் பார்த்தபோதுதான் அவளும் தன் காலை மடக்கிக்கொண்டாள்.

பின்னால் இருக்கை மெல்ல அமுங்கியது. எதிர்ப்பக்கத்து அம்மாள் அந்த ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். கதவு மூடியது, வண்டி நகர்ந்தது. மேதா திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டி அந்த இருக்கையில் வைத்தாள்.

சூடு. இரும்புச் சூடு இல்லை, வெயில் சூடு இல்லை. காய்ச்சல் பிள்ளையின் உடம்புச் சூடு.

பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் இறங்கினார்கள். மேதா எழுந்து மறுபடி அந்த இருக்கையைத் தொட்டாள். சூடு அப்படியே இருந்தது. வண்டியை ஓரம் கட்டிப் பூட்டுவதற்காக மகேந்திரன் காத்துக்கொண்டிருந்தார்.

முற்பகலில் அவள் கௌரம்மாவைத் தேடி அந்த ஆலைக் கொட்டகைக்குப் போனாள். கௌரம்மாவின் புருஷன் சித்தையன் அங்கே வெல்லப் பாகு கிண்டுகிறவர். ஹனூர் பக்கம் ராமாபுரத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஒரே பெண். மைசூரில் பெரிய பள்ளியில் இலவச இடம் கிடைத்ததை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தவர்கள். யார் என்று மேதா சொன்னதும் சித்தையன் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு வந்தார். கோபக்காரர் இல்லை, ஆனால் அன்று குரல் உயர்ந்தது. அந்தப் போன் கத்துகிற ஒவ்வொரு தடவையும் என் பொண்டாட்டி செத்துப் பிழைக்கிறாள், இன்றைக்கே நிறுத்துங்கள் என்றார். ஏறுவதாவது, இறங்குவதாவது, எல்லாம் உங்கள் மெஷின் செய்கிற கூத்து என்றார்.

மேதா கார்டைப் பற்றிக் கேட்டாள். யாரிடம் இருக்கிறது என்று.

"அவ கழுத்துலயேதானுங்க கெடக்குது," என்றார் சித்தையன். "நாந்தான் மண்ணு தள்ளுனேன்."

பக்கத்தில் நின்ற கௌரம்மா மெதுவாகச் சொன்னாள். பிள்ளை போன அன்றைக்குப் பரீட்சை. பிள்ளைக்கு ராத்திரியிலிருந்தே காய்ச்சல். அம்மா, இன்றைக்கு வேண்டாம் என்றாள். பரீட்சை போனால் இலவச இடமும் போய்விடுமோ என்று கௌரம்மா பயந்து, தைலம் தடவி, கையைப் பிடித்துக் கூட்டி வந்து ஏற்றிவிட்டாள். பள்ளியில் எல்லோரும் இறங்கினார்கள். இவள் மட்டும் கடைசி இருக்கையில் ஜன்னலில் சாய்ந்தபடி இருந்தாள். தூங்குகிறாள் என்று எழுப்பிப் பார்த்தார்கள். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மூளைக்காய்ச்சல், பேருந்திலேயே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். ஏறியவள் இறங்கவே இல்லை.

ஜூனில் முதல் செய்தி வந்தபோதே ஏன் சொல்லவில்லை என்று மேதா கேட்டாள். சொன்னால் நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தேன் என்றாள் கௌரம்மா. பிள்ளை போவதையாவது தினமும் பார்க்கலாம் என்று இருந்தாளாம். பனிக்காலம் வந்ததும் தாங்க முடியவில்லை. ராத்திரியெல்லாம் அந்த வண்டிக்குள் எப்படி இருக்கிறாளோ என்று நினைப்பு.

"அழிச்சுப்போடாதீங்க அம்மிணி. வண்டிக்குள்ள இருக்குறவள அழிச்சா அவ எங்க போவா? மொதல்ல எறக்கி விடுங்க. அப்புறம் என்ன வேணாலும் பண்ணிக்குங்க."

சித்தையன் தலையில் அடித்துக்கொண்டு பாகு கிண்டப் போய்விட்டார். மேதா அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏற்றிவிட்டதற்காக அவள் அழுகிறாள். டேபிளில் ஏற்றிவிட்டு இறக்க மறந்தது நான் என்று சுதர்ஷனிடம் பிறகு சொன்னாளாம்.

மதியம் அலுவலகத்துக்கு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பழைய டேபிளில் பூங்குழலியின் வரியைத் திறந்தாள். அதில் இருந்த வாய்க்கால் நிறுத்தத்தைப் புதிய டேபிளில் இறங்கும் இடத்துக்கு நகல் எடுக்கக் கட்டளை எழுதினாள். இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் என்ற நிபந்தனையை முதலில் எழுதினாள், மற்றதைப் பிறகு. மூன்று தடவை படித்துப் பார்த்தாள். அனுப்பினாள்.

ஒரு வரி மாறியது என்றது கணினி.

சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து திரையை விட்டு அசையவில்லை. பேருந்தின் புள்ளி வரைபடத்தில் நகர்ந்து நகர்ந்து வாய்க்கால் சாலையில் திரும்பியது… நின்றது. ஐந்து இருபத்தாறு. பதிவு விழுந்தது. பூங்குழலி, இறங்கிவிட்டாள்.

ஐந்து நிமிடத்தில் மகேந்திரன் கூப்பிட்டார். கருவி அடித்ததாம். பின் இருக்கையைத் தொட்டுப் பார்த்தாராம். ஆறிப்போயிருக்கிறது மேடம் என்றார். அந்த அம்மாள் எதிர்ப்பக்கத்திலிருந்து சாலையைக் கடந்து வந்து, கீழே யாரையோ தூக்குவது மாதிரிக் குனிந்தாள், நான் அதற்கு மேல் பார்க்கவில்லை என்றார்.

மேதா சித்தையன் கேட்டதையும் செய்தாள். அன்றே அந்த வரியைப் புதிய டேபிளிலிருந்து அழித்தாள். பழைய டேபிளிலிருந்தும் அழித்தாள். பூஜ்யம் போட்டு விடவில்லை, அடியோடு அழித்தாள். எண்ணிப் பார்த்தாள். நானூற்றுப் பதினொன்று. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கினாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே எழுந்து பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு பன்னிரண்டு வந்தது. எதுவும் இல்லை. ஆறு பதினைந்து. எதுவும் இல்லை. அப்பாடா என்று காப்பியை எடுத்தாள்.

ஆறு இருபதுக்குப் போன் அடித்தது. கௌரம்மா இல்லை. சித்தையன். எல்லாம் மெஷின் செய்கிற கூத்து என்று சொன்ன அதே சித்தையன். தூங்குகிற யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலத் தணிந்த குரல்.

"அம்மிணி… இன்னிக்குப் புள்ளைக்கு லீவு சொல்லிருங்க. ராத்திரி பூரா ஒடம்பு நெருப்பாக் கொதிக்குதுங்க. அவங்கம்மா அனுப்ப மாட்டேங்குறா."

அவருக்குப் பின்னால் ஈரத் துணியைப் பிழிகிற சத்தம். தண்ணீர் பாத்திரத்தில் சொட்டியது. லீவு போட அந்தப் பெயரில் வரியே இல்லை. பழக்க தோஷத்தில், பெற்றோர் யார் கூப்பிட்டாலும் கேட்கிற கேள்வி வாயில் வந்துவிட்டது. எத்தனை நாளைக்கு என்று கேட்டாள்.

சித்தையன் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரிடமோ கேட்டார். பெண்டாட்டியிடம் பேசுகிற குரல் இல்லை. குனிந்து, கொஞ்சலாக, சின்னப் பிள்ளையிடம் கேட்கிற குரல். தண்ணீர் மறுபடி சொட்டியது… பிறகு போனுக்குத் திரும்பி வந்தார்.

"நாளைக்கே வந்துடறாளாமுங்க."